எங்கே என்று சொல்லுங்கள்: மருத்துவமனைகளையும் மருந்து நிறுவனங்களையும் நடத்தும் இயக்குநர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். உங்கள் கூட்டங்களுக்கு எங்களைப் போன்றவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு காலையில், முந்தின நாள் போட்டிருந்த வளர்தட்டு ஒன்றை இன்குபேட்டரிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு. அதற்குள் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு வெளிறிய மஞ்சள் நிறத்தில் அகர். ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த கிருமி, கண்ணாடியில் ஆவி படிந்தது போல அதன் மேல் படர்ந்திருந்தது. நடுவில் ஆறு காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆன்டிபயாடிக். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். அந்த வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளந்து எழுதுவோம். சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையை அளந்தேன். 6 மில்லிமீட்டர். வில்லையின் விட்டமே 6 மில்லிமீட்டர்தான். அதாவது வட்டமே இல்லை. கிருமி மருந்தின் விளிம்புவரை வந்து அதை உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். சுற்றுச்சூழலுக்கு இரண்டு பக்கம். மரக்கன்று நடும் படம், மொட்டை மாடி சோலார் தகடுகள், எத்தனை கிலோ காகிதம் மிச்சமானது என்ற கணக்கு. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் காலையில் நான் கையில் பிடித்திருந்த தட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பின்பக்கத்தில், நிறுவனம் எதிர்கொள்ளும் இடர்கள் என்ற தலைப்பில் தீ விபத்து, கணினித் திருட்டு, வழக்கு, நாணய மதிப்புச் சரிவு என்று வரிசையாக இருந்தது. அங்கேயும் இல்லை.

அந்தத் தட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அகர் என்பது கடற்பாசி. சிவப்புப் பாசிகளை வேகவைத்து எடுக்கிற பசை. 1881இல் ஜெர்மானிய நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். உடல் வெப்பத்துக்கு வைத்தால் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான், தன் சமையலறையில் பயன்படுத்திய அகரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு உலகத்தில் எந்த மூலையிலும் ஒரு கிருமியைப் பிடித்து அடையாளம் காண வேண்டுமென்றால் கடற்பாசிதான். ஆய்வகத் தரமுள்ள அகர் பெரும்பாலும் ஜெலிடியம் என்ற பாசியிலிருந்து வருகிறது. அதில் பெரும் பங்கு மொராக்கோவின் கடலோரத்திலிருந்து வருகிறது. அங்கே அளவுக்கு மீறி அறுத்துப் பாசி குறைந்துபோய், அந்நாட்டு அரசு வரம்பு விதித்தபோது, 2015 வாக்கில் பல நாட்டு ஆய்வகங்கள் அகர் கிடைக்காமல் திண்டாடின. ஒரு கடற்கரையில் பாசி குறைந்ததற்கும், எங்கோ ஒரு தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ரத்தத்தில் என்ன கிருமி என்று தெரியாமல் மருத்துவர் காத்திருப்பதற்கும் நடுவே சில கைகள்தான் இருக்கின்றன.

இது தட்டின் அடிப்பக்கக் கதை: இயற்கையிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டது. மேல்பக்கத்தில், வட்டம் விழாத அந்த வில்லையில், நாம் இயற்கைக்குக் கொடுத்தது இருக்கிறது.

சிப்ரோஃப்ளாக்சசின் தோற்றுப்போனதற்குக் காரணங்கள் பல. தேவையில்லாமல் எழுதிக்கொடுத்தது, பாதியில் நிறுத்தியது, கால்நடைகளுக்கு அள்ளிக்கொடுத்தது எல்லாம் உண்டு. உங்கள் மேசைக்கு வராத இன்னொரு காரணமும் உண்டு. 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், ஹைதராபாத் அருகே படான்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்று நீரைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அப்படிப்பட்ட தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும் கிருமி எதைக் கற்றுக்கொண்டு வெளியே வரும் என்பதைச் சொல்ல நுண்ணுயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு ஊரைக் குற்றம் சொல்லிவிட்டுத் தள்ளிப்போகவும் முடியாது. 104 நாடுகளில் 258 ஆறுகளில் மாதிரி எடுத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இடங்களில், ஏதாவது ஒரு மருந்தாவது நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பான அளவைத் தாண்டியோ, கிருமிகளிடம் எதிர்ப்பை வளர்க்கும் அளவிலோ இருந்தது. கிருமிகள் மருந்துக்கு அடங்காததே நேரடிக் காரணமாக 2019இல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஆலைகளின் கழிவுநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது 2024 செப்டம்பரில்தான். அதுவும் வழிகாட்டுதல், சட்டம் இல்லை.

எங்கள் கொள்முதல் பிரிவில் ஒருமுறை கேட்டேன், இந்த மாத்திரைக்கான மூல மருந்து, அதாவது அதற்குள் வேலை செய்யும் வேதிப்பொருள், எங்கே தயாராகிறது என்று. அவர் நல்ல மனிதர். அட்டைப்பெட்டியை எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மாத்திரையாக அழுத்திய ஆலையின் முகவரி இருந்தது. விற்பனை செய்பவரின் முகவரி இருந்தது. மூல மருந்தைச் சமைத்த ஆலை எந்த ஊரில், எந்த ஆற்றங்கரையில் என்பது எங்கேயும் இல்லை. "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார். இந்த மடல் முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். எங்கே?

இயற்கை விஷயத்தில் இடம்தான் கணக்கின் முதல் வரி. கரியமில வாயு எந்தப் புகைபோக்கியில் கிளம்பினாலும் ஒரே வானத்தில்தான் கலக்கிறது. அதனால் அதைக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடலாம். தண்ணீரை அப்படிக் கூட்ட முடியாது. மழை கொட்டும் ஊரில் ஆயிரம் லிட்டர் எடுப்பதும், நிலத்தடி நீர் வற்றிய ஊரில் ஆயிரம் லிட்டர் எடுப்பதும் ஒன்றாகுமா? ஓர் ஆற்றில் கலந்த மருந்துக்கு இன்னோர் ஊரில் நட்ட மரம் ஈடாகாது. உங்கள் அறிக்கையில் "மொத்தத் தண்ணீர்ப் பயன்பாடு இத்தனை லட்சம் லிட்டர்" என்று ஓர் எண்ணைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. அது உண்மையான எண்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

சரி, நாம் எவற்றையெல்லாம் நம்பியிருக்கிறோம் என்று பார்த்தால், எனக்கு மனதை விட்டு அகலாதது குதிரைலாட நண்டு. டைனோசர்களுக்கும் முன்னாலிருந்து இந்தப் பூமியில் இருக்கிற உயிர். அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நீல நிறம். பாக்டீரியாவின் நச்சு இம்மியளவு பட்டாலும் அந்த ரத்தம் உறைந்துவிடும். ஃபிரெடரிக் பேங்கும் ஜாக் லெவினும் இதைக் கண்டுபிடித்தார்கள். ஊசி மருந்துகளில் அந்த நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க, அந்த ரத்தத்திலிருந்து செய்த சோதனைப் பொருளுக்கு 1977இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் முயல்களுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று உங்கள் ஆலையில் செய்யும் ஊசி மருந்து, தடுப்பூசி, சலைன் பை, உடலுக்குள் பொருத்தும் மூட்டு எல்லாம் பெரும்பாலும் இந்த நண்டின் சம்மதச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகின்றன.

வசந்த காலத்தில் கரைக்கு முட்டையிட வரும் நண்டுகளைப் பிடித்து, இதயத்துக்குப் பக்கத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். ஒரு பங்கு செத்துப்போகிறது. அமெரிக்க நண்டை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகவும், ஆசியாவின் மூன்று இனங்களில் ஒன்றை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகவும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சேர்த்திருக்கிறது. டெலவேர் வளைகுடாவில் இந்த நண்டின் முட்டையை நம்பி ஒரு பறவை வருகிறது. சிவப்பு நெஞ்சுள்ள உள்ளான். தென்னமெரிக்காவின் தென்முனையிலிருந்து ஆர்க்டிக்வரை பறக்கும் வழியில், மே மாதம் அங்கே இறங்கி முட்டைகளைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் மீதித் தூரம் போகும். நண்டு குறைந்தால் பறவையும் குறையும். குறையவும் செய்தது.

இந்தக் கதையில் நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. சிங்கப்பூரில் ஜீக் லிங் டிங், போ ஹோ என்ற இரு அறிவியலாளர்கள், நண்டைத் தொடாமல் அதே புரதத்தை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். 2003இல் அது விற்பனைக்கே வந்துவிட்டது. ஐரோப்பிய மருந்துத் தரநூல் அதை 2021இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கத் தரநூலின் புதிய அத்தியாயம் 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. மாற்று கைக்கு வந்த பிறகும் 20 ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான ஆலைகள் பழைய வழியிலேயே போனதற்கு விதிகள் ஒரு காரணம். ஆனால் இன்னொரு காரணம், அந்த நண்டு எந்த இயக்குநர் குழுவின் இடர்ப் பதிவேட்டிலும் ஏறாததுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் அத்தனை ஊசி மருந்தும் ஒரு கடற்கரையின் நண்டைத் தாண்டித்தான் வருகிறது என்று ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், முதலீட்டாளர் ஒருவராவது "மாற்று இல்லையா?" என்று கேட்டிருப்பார்.

ஹெபாரினை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மருந்து இல்லாமல் இதய அறுவைச் சிகிச்சையோ டயாலிசிஸோ நடப்பது சிரமம். இது பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2006, 2007இல் அங்கே பன்றிகளுக்கு நீலக்காது நோய் பரவியது. மூலப்பொருள் தட்டுப்பாடாகி விலை ஏறியது. அந்தச் சமயத்தில் யாரோ, வழக்கமான சோதனைகளில் ஹெபாரின் போலவே தோன்றும் வேறொரு வேதிப்பொருளைக் கலந்தார்கள். 2008இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொண்ட குழந்தைகளுக்கு ஒவ்வாமை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன. பன்றிகளுக்கு வந்த நோயிலிருந்து அந்தக் குழந்தைகளின் படுக்கைவரை ஒரே சங்கிலி.

மலேரியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரண்டு தடுப்பூசிகளிலும், உடலின் எதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் பொருள் சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். போனதே தெரியாமல் போனவையும் உண்டு. முட்டைகளை விழுங்கி இரைப்பையிலேயே குஞ்சு பொரித்து வாய்வழியே வெளிவிட்ட தவளை ஒன்று ஆஸ்திரேலியாவில் இருந்தது. அந்தக் காலம் முழுக்க அதன் இரைப்பை அமிலச் சுரப்பை நிறுத்தி வைத்திருந்தது. எப்படி என்று ஆராயத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, 1980களில், அந்தத் தவளை இனமே இல்லாமல் போய்விட்டது.

அப்புறம், தண்ணீர். டயாலிசிஸ் பிரிவின் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரச் சிகிச்சை. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் 120 லிட்டர் தூய நீர் அவர் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடவேண்டும். அந்த நீரைத் தூய்மையாக்கும் இயந்திரம் கழித்துவிடுவது தனி. சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து உப்பு கூடிய, மற்றபடி தெளிவான தண்ணீர் நாள் முழுக்கச் சாக்கடையில் விழும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய தண்ணீர். நான் நின்று பார்த்த ஓர் இடத்தில், அந்தக் குழாயின் கீழே சிமெண்டுத் தரையில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. அத்தனை காலமாக அது விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அதே கட்டடத்துக்குத் தண்ணீர் லாரியும் வந்துகொண்டிருந்தது.

சலைன் பை என்பது தண்ணீரும் உப்பும்தான். 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியதும் அமெரிக்க மருத்துவமனைகளில் சிறிய சலைன் பைகளுக்குப் பஞ்சம் வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில், ஹெலீன் புயல் வெள்ளம் வட கரோலினாவில் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் இருந்த ஆலைக்குள் புகுந்தது. நாட்டின் நரம்பு வழித் திரவத்தில் சுமார் 60 சதவீதம் அந்த ஒரே ஆலையில் தயாரானது. அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். நோயாளிகளை வாய்வழியே நீர் குடிக்கச் சொன்னார்கள். முதல் புயலுக்குப் பிறகு அந்த மருத்துவமனைகளில் எத்தனை, தங்கள் சலைன் எந்த ஆலையில், எந்த ஆற்றின் வெள்ளப் பாதையில் தயாராகிறது என்று கேட்டு எழுதி வைத்திருக்கும்? கேட்டிருந்தால் வெள்ளம் நின்றிருக்காது. ஆனால் மாற்று வழி கையில் இருந்திருக்கும்.

உங்களில் சிலர் இதெல்லாம் நம் வாசலுக்கு வெளியே நடப்பவை, நம் பொருள் கடையை விட்டுப் போனதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கலாம். அவர்களுக்குப் பாறு கழுகுகளின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். வலிக்குத் தரும் டைக்ளோஃபெனாக், 1990களில் தெற்காசியாவில் மலிவாகி மாடுகளுக்கும் ஊசியாகப் போடப்பட்டது. செத்த மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் இதுதான் என்று 2004இல் தெரிவதற்குள், கோடிக்கணக்கில் இருந்த பறவைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தன. தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. அதனால் குப்பியின் அளவையே இந்தியா 2015இல் 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. பாறுகள் இல்லாத இடத்தில் பிணங்கள் அழுகின, நீர் கெட்டது, நாய்கள் பெருகின. 2000க்கும் 2005க்கும் இடையில் இந்தியாவில் இதனால் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2024இல் மதிப்பிட்டார்கள். வலி தீர்க்க வந்த மருந்து. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பறவையைப் பற்றி யோசிப்பது எவர் வேலையாகவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது யோசிக்க வழி இருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி உயிர்ப்பன்மயத்துக்கு 2030வரையிலான 23 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அதில் 15ஆவது இலக்கு உங்களுக்கானது. பெரிய நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும், இயற்கையை எப்படி நம்பியிருக்கின்றன, அதை எப்படிப் பாதிக்கின்றன, அதனால் வரும் இடர் என்ன என்பதை மதிப்பிட்டு வெளியே சொல்லும்படி அரசுகள் செய்யவேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்கு, இயற்கை சார்ந்த நிதித் தகவல்களை வெளிப்படுத்துவதற்கான, டி.என்.எஃப்.டி. என்று அழைக்கப்படும் பன்னாட்டுப் பணிக்குழு 2023 செப்டம்பரில் 14 பரிந்துரைகளை வெளியிட்டது. மருந்து, உயிரித்தொழில்நுட்பத் துறைக்கென்று தனி வழிகாட்டியும் 2024இல் வந்துவிட்டது. அந்தக் குழு சொல்லும் முறையில் நான்கு படிகள். முதல் படியே, இடத்தைக் கண்டுபிடி என்பதுதான். உங்கள் ஆலைகள், உங்களுக்கு விற்பவர்களின் ஆலைகள், உங்கள் மூலப்பொருள் விளையும் காடு, கடல், அவை எந்த இயற்கை அமைப்பைத் தொடுகின்றன. பிறகுதான் மதிப்பீடு, இடர், நடவடிக்கை. அவர்களும் என் கொள்முதல் நண்பரிடம் நான் கேட்ட கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள் என்று படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

இந்தக் கட்டமைப்பின்படி அறிக்கை தருவதாகச் சொல்லும் நிறுவனங்களின் எண்ணிக்கை கூடி வருகிறது. சந்தோஷம். ஆனால் அறிக்கைகளைப் படித்தால், ஆட்சிமுறை, கொள்கை, எந்தக் குழு எப்போது கூடும் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ஊர்ப் பெயரைத் தேடினால் கிடைக்காது. "எங்கள் விநியோகச் சங்கிலியின் சில பகுதிகள் தண்ணீர் நெருக்கடியுள்ள வட்டாரங்களில் உள்ளன" என்று ஒரு வாக்கியம் வரும். எந்த வட்டாரம்? எந்த மருந்து? அதைச் சொல்லாத வெளிப்படுத்தலை வெளிப்படுத்தல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வணிக ரகசியம் என்று சொல்வீர்கள். மூல மருந்து எங்கே தயாராகிறது என்பது மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஏற்கனவே தெரியும். உங்கள் போட்டியாளர்களுக்கும் பெரும்பாலும் தெரியும். தெரியாமல் இருப்பது மருந்தைச் சாப்பிடுகிறவருக்கும், அந்த ஆலைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பவருக்கும்தான். விலை ஏறிவிடும் என்பது அடுத்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மலிவு மருந்து இல்லாமல் செத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் நகரக் கழிவுநீரில் மருந்து எச்சங்களை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் ஏற்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்ததும், நிறுவனங்கள் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பது நேர்மையாகப் பேசவேண்டிய விஷயம். ஆனால் அந்தச் செலவு இன்று இல்லாமல் இல்லை. எங்கள் வார்டில், ஐந்து நாள் மாத்திரையில் தீரவேண்டிய சிறுநீர்த் தொற்றுக்கு, கடைசிக் கட்ட மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு வாரம் படுத்திருப்பவர் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தரவு இல்லை என்பது மூன்றாவது. உண்மை, முழுத் தரவு இல்லை. எங்களுக்கும் முழுத் தரவு இருந்ததே இல்லை. ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்த நேரத்திலேயே மருத்துவருக்குப் போன் செய்து சொல்லிவிடுவோம். எந்தக் கிருமி என்று மறுநாள் சொல்வோம், எந்த மருந்து கேட்கும் என்று அதற்கும் மறுநாள். தெரிந்தவரை இன்று சொல்லுங்கள், தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுங்கள். "இந்தப் பத்து மருந்துகளில் ஏழுக்கு மூல ஆலை எங்கே என்று எங்களுக்கே தெரியாது" என்று ஒரு மருத்துவமனை தன் ஆண்டறிக்கையில் எழுதினால், நான் அதை இதுவரை படித்த எந்த அறிக்கையையும் விட மேலாக மதிப்பேன். அடுத்த ஆண்டு ஏழு நான்காகும்.

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. நீங்கள் வாங்குகிறவர்கள். டெண்டரில் விலைக்கும் தரச் சான்றுக்கும் பக்கத்தில் இன்னொரு வரி சேர்க்க உங்களால் முடியும். மூல மருந்து எங்கே தயாராகிறது, அந்த ஆலையின் வெளியேற்று நீரில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, கடைசியாக எப்போது அளந்தீர்கள். எல்லா மருந்துக்கும் வேண்டாம், முதலில் ஆன்டிபயாடிக்குகளுக்கு மட்டும். ஒரு மருத்துவமனை கேட்டால் பதில் வராது. பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே படிவத்தில் கேட்டால் வரும். கேட்பதற்கு முன்னால் உங்கள் சொந்தச் சாக்கடையையும் அளந்துவிடுங்கள். வார்டுகளிலிருந்து போகும் நீரில் ஆன்டிபயாடிக்கும் உண்டு, அதை எதிர்க்கும் கிருமியும் உண்டு. காலாவதியான பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்ப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊற்றியவருக்கு அது தவறென்று யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

அளந்து, நிறுத்தினால், நீர் திரும்பி வரும். கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியையே ஆய்வுக்கென்று எடுத்துக்கொண்டு, 2001இலிருந்து மூன்று கோடைகளில் கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜெனைச் சேர்த்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்கள் பெண்தன்மை அடைந்து, ஒரு சிறிய மீனினம் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. சேர்ப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்த மீன்கள் மறுபடி பெருகின. எல்லாம் இப்படித் திரும்பாது. வட்டம் விழாத வில்லைக்கு மீண்டும் வட்டம் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஏரி திரும்பியது.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஆய்வகத்தில் ஆன்டிபயோகிராம் என்று ஓர் அட்டவணை போடுவோம். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்ற கணக்கு. மருத்துவர்களுக்கு ஒரு பிரதி போகும், மீதி எங்கள் மேசை இழுவறையில் இருக்கும். பழைய ஆண்டுகளோடு பக்கத்தில் வைத்தால், எந்தக் கட்டத்தில் எண் இறங்கிக்கொண்டே வருகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதை அடுத்த ஆண்டறிக்கையில் போடுங்கள். மரக்கன்று படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் போதும். ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் நேராக, அதன் மூல மருந்து தயாராகும் ஊருக்கு ஒரு கட்டம் விட்டுவையுங்கள். தெரிந்தால் ஊர்ப் பெயர், தெரியாவிட்டால் காலியாக. அட்டவணையை இந்த ஆண்டு டிசம்பர் முடிந்ததும் நாங்களே தயார் செய்து தருகிறோம். ஊர்ப் பெயர்களை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வக ஊழியர் ஒருவர்